மறைந்த தச்சரின் கருவிப் பெட்டி: 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

ஜெலுத்தோங் மகள் | சனி, காலை 9.10

வணக்கம். பக்கத்து வீட்டு அத்தைக்காக இந்தக் கேள்வி. மாமா நாற்பது வருடத்துக்கு மேல் தச்சு வேலை பார்த்தவர். பினாங்கு ஜார்ஜ் டவுன் பழைய கடைவீடுகளில் கதவு, ஜன்னல், மாடிப்படி என்று எத்தனையோ அவர் கைபட்டவை. போன வருடம் தவறிவிட்டார். பெட்டி அப்படியே மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. நேற்று ஒரு பழம்பொருள் வியாபாரி வந்து, திறந்து பார்த்த கையோடு, "எல்லாம் சேர்த்து 300 வெள்ளி, இப்பவே காசு" என்றாராம். அத்தை என்னைக் கூப்பிட்டு, "நீதான்மா நாலு பேர்கிட்ட கேட்டுச் சொல்லணும்" என்கிறார்.

உள்ளே இருப்பவை: மரத்தை இழைக்கிற இரும்பு இழைப்புளி இரண்டு. ஒன்றில் பெய்லி, நம்பர் 5 என்று வார்ப்பிலேயே இருக்கிறது. இன்னொன்று நீல நிறம், ரெக்கார்ட் 04. மர இழைப்புளி ஒன்று, உளி ஆறு, கைவாள் ஒன்று, மூலைமட்டம், புளியங்கட்டையில் செய்த கொட்டாப்புளி (மரச் சுத்தி). எல்லாவற்றிலும் துரு. ஒரே ஒரு குட்டி உளி மட்டும் பளபளவென்று இருக்கிறது. அத்தைக்குப் பணம் தேவைதான். ஆனால் மாமா உழைத்த பொருள், அடிமாட்டு விலைக்குப் போகக்கூடாது.

லோரோங் குலிட் காலை | 9.26

கொடுக்காதீங்க அக்கா! பெய்லி என்றால் ஸ்டான்லி கம்பெனி இழைப்புளி. அந்த நம்பர் 5 ஒன்றுக்கு மட்டுமே இணையத்தில் 600, 700 வெள்ளி போட்டிருக்கிறார்கள். ரெக்கார்டும் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் ஊர்ப் பொருள். பெட்டியையே 300க்குக் கேட்பது பகல்கொள்ளை.

உளிச்சத்தம் | 9.51

தம்பி, போட்டிருக்கிற விலை வேறு, கைமாறிய விலை வேறு. 700 போட்டவர் ஒரு வருடமாக அதே படத்தைத் திரும்பத் திரும்பப் போடுகிறார். யாரும் வாங்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். ஈபேயில் பார்ப்பதென்றால் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். அப்போதும் டாலரை வெள்ளியாக்கி அப்படியே இங்கே ஒட்ட முடியாது. நம்பர் 5 ஏறத்தாழ இரண்டு கிலோ கனம். தபால் செலவு சில நேரம் பொருளின் விலையைத் தாண்டிவிடும். 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளி வரையிலான பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரியும் சேர்ந்துவிட்டது. அதனால் உள்ளூரில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கக்கூடிய கருவிக்குக் கொஞ்சம் கூடுதல் கொடுக்கலாம், அது வாங்குபவருக்கும் லாபம்தான். ஆனால் அந்தக் கூடுதலுக்கும் ஓர் அளவு இருக்கிறது.

செந்தூல் பட்டறை | 11.30

அம்மா, அவசரப்பட்டு எந்தப் பதிலும் வியாபாரிக்குச் சொல்லிவிடாதீர்கள். முதலில் பெட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள்.

நான் செந்தூல் ரயில்வே பட்டறையில் தச்சுப் பிரிவில் இருந்தவன். அங்கே பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த கணக்கைத்தான் இன்றைக்கும் வைத்திருக்கிறேன். பழைய கருவியில் வேலை எவ்வளவு மிச்சம் இருக்கிறது? அதை மறுபடி வேலைக்குக் கொண்டுவர எனக்கு எத்தனை மணி நேரம் ஆகும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் நான் மணிப்பர்ஸைத் தொட மாட்டேன். பெயர், ஊர், வயசு எல்லாம் அப்புறம்தான்.

இரும்பு இழைப்புளியை எடுங்கள். மேலே உள்ள மூடியின் நெம்புகோலைத் தூக்கினால் பிளேடு கழன்று வரும். கை பத்திரம். பிளேட்டின் நடுவே நீளப் பள்ளம் இருக்கும். அது முடிகிற இடத்திலிருந்து கூர்முனை வரைக்கும் எவ்வளவு நீளம் என்று அளந்து சொல்லுங்கள். தீட்டித் தீட்டிக் குறைந்துபோகிற பகுதி அதுதான், அதுதான் மிச்சமிருக்கிற ஆயுசு. பிறகு பிளேட்டின் தட்டைப் பக்கத்தில் முனை அருகே நகத்தை வைத்து இழுங்கள். துரு மேலோட்டமாக இருந்தால் நகம் வழுக்கிக்கொண்டு போகும். குழி விழுந்திருந்தால் நகம் தடுக்கும். அந்த இடத்தில் குழி இருந்தால் கூர் ஒருநாளும் ஒழுங்காக நிற்காது. அதே குழி இழைப்புளியின் பக்கவாட்டில் இருந்தால் ஒரு கெடுதியும் இல்லை, பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். துரு என்றதும் விலையைப் பாதியாக்குகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

அடுத்து விரிசல். வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் பிளேடு வெளியே எட்டிப்பார்க்கிற வாயின் மூலையில்தான் முதலில் விடும். அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸை மாவாக்கித் தூவி, கொஞ்ச நேரம் விடுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து மாவில் முடி போல ஒரு கோடு வரும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் உடம்பை விரலில் தொங்கவிட்டு, மரக்குச்சியால் தட்டியும் பாருங்கள். நல்ல வார்ப்பு மணி மாதிரி ணங்கென்னும்.

திருகாணி ஒன்றுகூடத் தொலைக்காதீர்கள். பழைய ஸ்டான்லி, ரெக்கார்டு மரைகள் நம் இரும்புக்கடைகளில் கிடைக்கிற அளவு கிடையாது. ஆழம் கூட்டிக் குறைக்கிற பித்தளைச் சக்கரம் இடது மரை. தெரியாதவர்கள் எதிர்ப்பக்கம் முறுக்கிக் கெடுத்துவிடுவார்கள்.

கைவாளைக் கண்ணுக்கு நேரே பிடித்து, முதுகோடு பார்வையை ஓட்டுங்கள். மெல்ல வளைந்திருந்தால் சரி பண்ணலாம். ஓரிடத்தில் சட்டென்று மடிந்திருந்தால் அந்த வாள் சுவரில் மாட்டத்தான். கைப்பிடியில் பதித்த பித்தளை வில்லையில் என்ன எழுத்து என்றும் பாருங்கள்.

பிளேடு சாய்ந்து நிற்கிற மேடைக்குப் பின்னால் காப்புரிமைத் தேதிகள் வார்த்திருக்கும். அதையும் எழுதுங்கள். எதையும் தேய்த்துச் சுத்தம் செய்யவேண்டாம்.

லோரோங் குலிட் காலை | 11.48

ஐயா, இதை நான் சேமித்து வைத்துக்கொள்கிறேன். மண்ணெண்ணெய் யோசனை எனக்குப் புதுசு. போன மாதம் வாங்கியதை இன்றைக்கே சோதிக்கப் போகிறேன்.

ஜெலுத்தோங் மகள் | மாலை 5.05

அத்தை வீட்டு அஞ்சடியில் (வீட்டு முன் நடைபாதையில்) பாய் விரித்து எல்லாவற்றையும் பரப்பிப் பார்த்தோம். அத்தையும் கூடவே உட்கார்ந்துகொண்டார்.

நம்பர் 5: பின்னால் மூன்று தேதிகள். 1902இல் இரண்டு, கடைசியாக 1910 ஏப்ரல் 19. முன் குமிழ் குட்டை. மூடியில் ஸ்டான்லி என்று இருக்கிறது, அதில் உள்ள ஓட்டை அவரைக்கொட்டை வடிவம். பிளேட்டில் ஷெஃபீல்ட் என்று எழுத்து. பள்ளத்துக்குக் கீழே ஒன்றேகால் அங்குலம். நகம் தடுக்கவில்லை. பின் கைப்பிடியின் கொம்பு ஒடிந்து ஒட்டியிருக்கிறது. தட்டினால் நன்றாக ஒலிக்கிறது.

ரெக்கார்ட் 04: பிளேட்டில் டங்ஸ்டன் ஸ்டீல் என்று இருக்கிறது. வாயின் இடது மூலையில் சாக்பீஸ் மாவில் கோடு வந்துவிட்டது. அத்தை அதைப் பார்த்ததும், "ஒரு நாள் மாடியிலேர்ந்து விழுந்துச்சுன்னு வந்து சொன்னாரு, ராத்திரி சாப்பிடல" என்றார்.

உளிகளில் இரண்டு நல்ல நீளம், மூன்றில் லேசான துருக்குழி. நான்கில் மார்பிள்ஸ் என்ற பெயரும், மூவிலை முத்திரையும் தெரிகிறது. இரண்டில் காஸ்ட் ஸ்டீல் என்று வேறு இருக்கிறது. அப்படியென்றால் வார்ப்பிரும்பா? பளபளக்கிற குட்டி உளி கட்டைவிரல் நீளம்தான்.

வாள் நேராக இருக்கிறது. வில்லையில் டிஸ்டன், பிலடெல்ஃபியா.

செந்தூல் பட்டறை | 6.20

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள் அம்மா. காஸ்ட் ஸ்டீல் என்று போட்டிருந்தால் வார்ப்பிரும்பு என்று யாரும் சொல்லிக் குறைக்க விடாதீர்கள். 1740களில் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் மண்மூசையில் எஃகை உருக்கி எடுத்தாரே, அந்த வழியில் வந்த எஃகு அது. அதில் தீட்டுகிற கூர் எப்படி என்று ஒரு தடவை குறுக்குநாரில் வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நம்பர் 5க்கு வருவோம். மூன்று தேதியும் குட்டைக் குமிழும் சேர்ந்தால் உடம்பு 1910க்கும் 1918க்கும் இடைப்பட்டது. குமிழ் உயரமாக இருந்தால் 1919க்குப் பிறகு என்போம். ஆனால் மூடி அந்தக் காலத்தது இல்லை. மூடியில் ஸ்டான்லி என்ற பெயர் 1925 வாக்கில்தான் வந்தது, அவரைக்கொட்டை ஓட்டை 1933இலிருந்து. பிளேடும் இங்கிலாந்தில் செய்ததை வாங்கிப் போட்டது. மூன்று காலத்துப் பாகம் ஒரே உடம்பில். சேகரிப்பவர் கையில் எடுத்த உடனே கீழே வைத்துவிடுவார். இழைக்கிறவனுக்கு இதில் ஒரு குறையும் கிடையாது. உங்கள் மாமா தேய்ந்ததை மாற்றி மாற்றி வேலையை நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறார். நான் 200 வெள்ளி கொடுப்பேன்.

ரெக்கார்டு, மனசுக்குக் கஷ்டம்தான், பாகங்களுக்காக விற்கவேண்டியது. பிளேடு, மேல்தகடு, மூடி, கைப்பிடி எல்லாம் வேறொரு 04க்கு உயிர் கொடுக்கும். 40 வெள்ளி.

வாழ்வியல் வாத்தியார் | 7.02

துருவை எடுத்துவிட்டு விற்றால் இன்னும் கூடுமே. பள்ளிப் பட்டறையில் நான் செய்வது: ஒரு வாளித் தண்ணீரில் சலவைச் சோடா, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையில் கருவி, நேர்முனையில் ஒரு பழைய இரும்புத் துண்டு. இரவு முழுக்க விட்டால் துரு கறுத்து உதிர்ந்துவிடும். நேர்முனையில் எவர்சில்வர் மட்டும் வைக்கக்கூடாது, நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும்.

உளிச்சத்தம் | 7.15

வாத்தியாரே, வாங்கினவன் செய்யட்டும். விற்கிறவர் தொடவேண்டாம். முக்கியமாக அந்த டிஸ்டன் வாள். தகட்டில் தேய்ந்துபோன எழுத்துப் பொறிப்பு துருவுக்குள்ளே ஒளிந்திருக்கலாம். கம்பி பிரஷ்ஷை மோட்டாரில் மாட்டி ஓட்டினால் ஒரு நிமிடத்தில் அழிந்துவிடும். கட்டையில் சுற்றிய நைஸ் எமரித் தாளால், ஈரமாக, எழுத்து இருக்கும் என்று தோன்றுகிற இடத்தை மட்டும் தட்டையாகத் தேய்த்தால் பள்ளத்துக் கறுப்பு தங்கி எழுத்து தெரியும். 1955இல் டிஸ்டனை எச். கே. போர்ட்டர் நிறுவனம் வாங்கிவிட்டது. அதற்கு முந்தையதா பிந்தையதா என்பது விலையில் பெரிய வித்தியாசம். நேரான தகடு, பழைய வில்லை என்றால் நான் 120 தருவேன். பொறிப்பு தெரிந்தால் இன்னும் மேலே.

இன்னொன்று. போருக்கு முந்தைய ஸ்டான்லி கைப்பிடிகள் பெரும்பாலும் பிரேசில் ரோஸ்வுட். அந்த மரம் 1992 முதல், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில். வெளிநாட்டுக்காரர் நல்ல விலை சொன்னாலும் அனுமதி இல்லாமல் அனுப்பமுடியாது. உள்ளூரிலேயே விற்கிறதுதான் நல்லது.

பழசு வாங்குபவன் | இரவு 9.40

நான் பட்டர்வொர்த்தில் இதே தொழில் செய்கிறேன். வந்த வியாபாரி நானில்லை. ஆனாலும் பகல்கொள்ளை என்று எழுதியிருப்பதைப் பார்த்து மனம் வருத்தப்பட்டது. மேலே ஐயாமார்கள் சொன்னதையே கூட்டிப் பாருங்கள். நம்பர் 5 200, ரெக்கார்டு 40, நல்ல உளி இரண்டு 45 வீதம் 90, சுமாரானது மூன்று 25 வீதம் 75, வாள் 120, மூலைமட்டம் 20, மர இழைப்புளி 50 என்று வைத்தால் 595. இது ஒவ்வொன்றும் அதற்கு ஏற்ற ஆள் கைக்குப் போனால் வரும் தொகை. அந்த ஆள் வருவதற்கு எனக்கு எட்டு மாதம் ஆகலாம். அதுவரை நான் துரு ஏறாமல் பார்க்கவேண்டும். நம் ஊர் காற்றில் எண்ணெய் பூசி வைத்தாலும் ரெண்டு வாரம் கவனிக்காவிட்டால் செம்புள்ளி வந்துவிடும். ஞாயிறுதோறும் கடை விரிக்க இடவாடகை, வண்டி, எண்ணெய்ச் செலவு. பாதி விலைக்கு மொத்தமாக எடுத்தால்தான் என் வீட்டில் அடுப்பு எரியும். 300 தப்பான விலை இல்லை. பொருளைப் பற்றி அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை விளக்காமல் கேட்டது வேண்டுமானால் தப்பு.

லோரோங் குலிட் காலை | 9.58

அண்ணே, மன்னிச்சிக்குங்க. கூட்டிப் பார்க்காமல் எழுதிவிட்டேன்.

ஆனால் விளக்காமல் வாங்குவதைப் பற்றி நீங்கள் சொன்னது என்னைக் குத்துகிறது. ரெண்டு வருடம் முன்பு ஒரு பாட்டி, தரையில் விரித்த சாக்கில் நாலு உளியைக் காய்கறிக் கத்தியோடு போட்டிருந்தார். பத்து வெள்ளி என்றார். நான் பேசாமல் கொடுத்துவிட்டு நடந்தேன். வீட்டில் கழுவினால் நாலும் அருமையான ஷெஃபீல்ட் உளி. அந்த வாரம் முழுக்கத் தூக்கம் சரியில்லை. அடுத்த ஞாயிறு போய் இன்னும் 60 வெள்ளி கொடுத்தேன். பாட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார், வாங்கிக்கொண்டார்.

அஞ்சடித் தச்சன் | ஞாயிறு, காலை 7.30

யாரும் அந்த மர இழைப்புளியைப் பற்றிக் கேட்கவே இல்லையே. அக்கா, அதன் அடிப்பாகம் தட்டையா, வளைவா? படம் வேண்டாம், ஒரு தாளை அதன் முனையில் வைத்து பென்சிலால் ஓரத்தை வரைந்து, அந்தக் கோட்டை வார்த்தையில் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங் மகள் | 10.15

அடி தட்டையாக இல்லை. ஒரு சின்னப் படி, பிறகு உருண்டை, மறுபடி ஒரு படி. பின்னால் குறுக்குக்கட்டை, சீனத் தச்சர்கள் வைத்திருப்பது போல. அத்தை சொல்கிறார்: ஒரு பழைய வீட்டு ஜன்னல் சட்டத்துக்கு ஒத்துப்போகிற மாதிரி மாமாவே கட்டையைச் செதுக்கிச் செய்தாராம். மூன்று ராத்திரி உட்கார்ந்தாராம்.

அஞ்சடித் தச்சன் | 10.32

அதை 50க்குக் கொடுத்துவிடாதீர்கள்!

நான் ஜார்ஜ் டவுனில் கடைவீடுகள் புதுப்பிக்கும் வேலையில் இருக்கிறேன். 2008இல் ஊர் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் வந்ததிலிருந்து பழைய சட்டம் உளுத்துப்போனால் அதே விளிம்பு அச்சோடு புதுச் சட்டம் செய்து மாட்டவேண்டியிருக்கிறது. மரத்தில் விளிம்பு வெட்டுகிற ரவுட்டர் மெஷினுக்குக் கடையில் கிடைக்கிற பிட் எதுவும் அந்தப் பழைய விளிம்போடு சேராது. தனியாகச் செய்யக் கொடுத்தால் செலவு, காத்திருப்பு. நாலு அடி சட்டத்துக்கு அந்த மர இழைப்புளியைப் பத்துத் தடவை இழுத்தால் முடிந்தது. பழைய வீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000இல் நீங்கி வாடகை ஏறியபோது எத்தனையோ தச்சுக் கடைகள் காலி செய்து போயின. இந்த மாதிரிக் கட்டைகளை விறகோடு சேர்த்து வீசினார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பவருக்கு இதில் பெயரும் இல்லை தேதியும் இல்லை, ஒரு காசு தரமாட்டார். எனக்கு இது வாரா வாரம் சோறு போடும். பிளேடு நன்றாக இருந்தால் 150 தருகிறேன். நம்பர் 5ஐயும் சேர்த்து 350. இன்று மாலையே வருவேன். பிளேட்டின் வளைவும் கட்டையின் வளைவும் ஒன்றாக இருக்கிறதா என்று உங்கள் முன்னால் பார்த்துவிட்டுத்தான் காசு.

பழசு வாங்குபவன் | 11.05

நியாயமான விலை. நான் 30க்கு மேல் போட்டிருக்க மாட்டேன், அதை ஒப்புக்கொள்கிறேன். மீதி ரெக்கார்டு, ஐந்து உளி, வாள், மூலைமட்டம். நான் 180க்கு எடுத்துக்கொள்கிறேன். வாளில் பொறிப்பு தெரிந்தால் அதை உளிச்சத்தம் அவர்களுக்கு நேரே விற்றுவிடுங்கள், என் கணக்கில் 50ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

செந்தூல் பட்டறை | 11.20

பாருங்கள், ஒரே பெட்டி. விலை தெரிந்த மூன்று பேர் வெளிப்படையாகப் பேசினால் 530 ஆகிறது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அம்மா, கொட்டாப்புளியைப் பற்றி ஒருவரும் விலை சொல்லவில்லை, கவனித்தீர்களா? புளியங்கட்டை எளிதில் பிளவுபடாது. அதில் அவர் கைபட்டு அடிபட்ட இடம் ஒரு பக்கமாகக் குழிந்திருக்கும். அதை விற்கச் சொல்லமாட்டேன்.

ஜெலுத்தோங் மகள் | இரவு 8.50

அஞ்சடித் தச்சன் அண்ணன் மாலை வந்தார். மர இழைப்புளியை ஒரு மெரந்தி மரத்துண்டில் இழுத்துப் பார்த்தார். முதலில் தடுக்கியது, பிளேட்டைக் கொஞ்சம் தட்டி வைத்ததும் சுருள் சுருளாக வந்தது. அத்தை அந்தச் சுருளை எடுத்து முகர்ந்து பார்த்தார். 350 வெள்ளி கொடுத்தார், அத்தை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. மீதியை பட்டர்வொர்த் அண்ணனுக்குச் சொல்லிவிட்டேன், புதன்கிழமை வருகிறார். வாளை வாத்தியார் முறையில் தொடவில்லை, உளிச்சத்தம் அண்ணன் சொன்னபடி ஈரத்தாளில் லேசாகத் தேய்த்தேன். ஏதோ எழுத்தின் வால் தெரிகிறது, வெளிச்சத்தில் நாளைக்குப் பார்க்கிறேன்.

கொட்டாப்புளி வீட்டிலேயே இருக்கும். குட்டி உளியும் விற்பனைக்கு இல்லையாம். அது ஏன் துருவே பிடிக்கவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. மாமா அது தேய்ந்துபோய்விட்டது என்று தூக்கிப்போடப் பார்த்தாராம். அத்தை எடுத்து அடுப்படியில் வைத்து, இத்தனை வருடமாகத் தேங்காய் ஓட்டிலிருந்து பருப்பைப் பெயர்ப்பது அதை வைத்துத்தான். பெட்டிக்குள் அது போனது போன வாரம்தான்.

ஐயா, அதற்கு என்ன எண்ணெய் போடச் சொல்வது?

செந்தூல் பட்டறை | 9.12

மண்ணெண்ணெய், மிஷின் ஆயில் எதுவும் வேண்டாம், சாப்பாட்டில் படுகிற பொருள். தேங்காயிலேயே தினமும் புரள்வதால்தான் துரு அண்டவில்லை, அதுவே போதும். கூர் மழுங்கினால் அடுத்த மாதம் நான் பினாங்கு வருகிறேன், தீட்டிக் கொடுக்கிறேன்.